மாற்றுத்திறனாளி ஊழியர்களும் சட்டமும்: முதலாளிகள் கேட்கும் கேள்விகள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இந்தியாவில் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பிருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது இது. ஆனாலும் "அதெல்லாம் அரசு வேலைக்குத்தானே" என்ற பேச்சு நிறுவனங்களில் இன்னும் ஓயவில்லை. தொழில் நடத்துபவர்களும் எச்.ஆர். பிரிவில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஓடுவது ஒன்றுதான்: அந்த ஊழியரிடமே கேளுங்கள். அவரைக் கேட்காமல் அவருக்காக முடிவெடுக்கும்போதுதான் பெரும்பாலான நிறுவனங்கள் சட்டச் சிக்கலில் மாட்டுகின்றன.

தனியார் நிறுவனங்களையும் இந்தச் சட்டம் கட்டுப்படுத்துமா?

கட்டுப்படுத்தும். சட்டம் "நிறுவனம்" என்று சொல்லும்போது அரசு நிறுவனத்தையும் தனியார் நிறுவனத்தையும் சேர்த்தே சொல்கிறது. கம்பெனி, கூட்டாண்மை, கூட்டுறவுச் சங்கம், அறக்கட்டளை, தொழிற்சாலை எல்லாம் அதில் அடக்கம். ஆனால் எல்லாப் பிரிவுகளும் எல்லோருக்கும் ஒன்றுபோல் பொருந்துவதில்லை. வேலைவாய்ப்பில் பாகுபாடு கூடாது என்று விரிவாகச் சொல்லும் 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களைக் குறித்தே எழுதப்பட்டது. பாகுபாட்டைப் பொதுவாகத் தடுக்கும் 3ஆம் பிரிவு, சம வாய்ப்புக் கொள்கையைக் கேட்கும் 21ஆம் பிரிவு, பதிவேடுகள் பற்றிய 22ஆம் பிரிவு ஆகியவை தனியாருக்கும் உண்டு.

யார் மாற்றுத்திறனாளி? 40 சதவீதச் சான்றிதழ் இருந்தால்தானா?

இந்த ஒரு குழப்பத்தால் நடக்கும் தவறுகள் நிறைய. சட்டத்தில் இரண்டு வட்டங்கள் இருக்கின்றன. முதலாவது பெரியது: நீண்ட காலமாக இருக்கும் உடல், மனம், அறிவுத்திறன் அல்லது புலன் சார்ந்த ஒரு குறைபாடு, சுற்றியிருக்கும் தடைகளோடு சேர்ந்து, மற்றவர்களுக்குச் சமமாக ஒருவர் பங்கேற்பதைத் தடுத்தால் அவர் மாற்றுத்திறனாளி. இரண்டாவது வட்டம் சிறியது: அட்டவணையில் உள்ள குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பதாகச் சான்று பெற்றவர்கள். இட ஒதுக்கீடு போன்ற சில பலன்களுக்குத்தான் இந்த 40 சதவீதம் தேவை.

யூ.பி.எஸ்.சி.க்கு எதிரான விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. எழுதும்போது கை இறுகிப்போகும் பிரச்சினை உள்ள ஒருவர், தேர்வில் தன் சார்பில் எழுத ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார். 40 சதவீதச் சான்று இல்லை என்பதைக் காரணமாக்கி மறுத்தார்கள். நியாயமான வசதி ஏற்பாட்டை, அதாவது ஒருவரின் தேவைக்கேற்பச் செய்து தரும் மாற்றத்தைப் பெற அந்த அளவுகோல் தேவையில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே "கார்டு இருக்கா?" என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. பழைய சட்டத்தில் 7 வகைகளே இருந்தன, இப்போது 21. பார்க்கின்சன், தலசீமியா, ஹீமோஃபிலியா, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, ஆட்டிசம், மனநோய், அமிலவீச்சால் ஏற்பட்ட பாதிப்பு எல்லாம் பட்டியலில் உள்ளன. பார்த்தவுடன் கண்ணில் படாதவை இவற்றில் பல. "எங்கள் நிறுவனத்தில் மாற்றுத்திறனாளி யாரும் இல்லை" என்று சொல்லும் முதலாளிக்குத் தெரியாமலே சிலர் அங்கே வேலை செய்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

தனியாரும் குறிப்பிட்ட சதவீதம் பேரை எடுத்தாக வேண்டுமா?

இல்லை. 4 சதவீத ஒதுக்கீடு அரசு நிறுவனங்களுக்கானது. தனியார் துறையைப் பொறுத்தவரை, மொத்த ஊழியர்களில் குறைந்தது 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி ஊக்கத்தொகைகள் தர வேண்டும் என்று 35ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கடமை அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் உரியது.

சட்டப்படி பாகுபாடு என்றால் எது?

"உன்னை வேலைக்கு எடுக்க மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்வது மட்டும் பாகுபாடு என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் சொற்கள் அதைவிட அகலமானவை. இயலாமையைக் காரணமாகக் கொண்டு ஒருவரை வேறுபடுத்துவது, ஒதுக்குவது, கட்டுப்படுத்துவது என எதுவாக இருந்தாலும் அதன் நோக்கத்தோடு விளைவையும் சட்டம் பார்க்கிறது. "நாங்கள் யாரையும் ஒதுக்க நினைக்கவில்லை" என்பது மட்டும் பதிலாகிவிடாது.

ஓர் உதாரணம். கணக்குப் பிரிவுக்கு ஆள் தேடும் நிறுவனம், விளம்பரத்தில் "இருசக்கர வாகன உரிமம் அவசியம்" என்று போடுகிறது. எல்லா விளம்பரத்திலும் இருக்கும் வரி என்பதால் இதிலும் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்த வேலையில் வண்டி ஓட்ட வேண்டிய தேவையே இல்லை. பார்வை குறைந்த, கணக்கில் தேர்ந்த ஒருவர் அந்த வரியைப் பார்த்ததும் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுவார். யாரும் யாரையும் மறுக்கவில்லை, ஆனாலும் கதவு மூடிவிட்டது. மறைமுகப் பாகுபாடு பெரும்பாலும் இந்த வடிவில்தான் வருகிறது.

அப்புறம், பலரும் படிக்காமல் தாண்டிப் போகும் ஒரு பகுதி: நியாயமான வசதி ஏற்பாட்டைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடு என்று சட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது. ஆக, ஒன்றும் செய்யாமல் சும்மா இருப்பதும் மீறலாகலாம்.

வேலை விளம்பரத்திலும் நேர்காணலிலும் எதைக் கவனிக்க வேண்டும்?

விளம்பரத்தில் வேலை என்ன என்பதை எழுதுங்கள், ஆள் எப்படி இருக்க வேண்டும் என்பதை விடுங்கள். "நல்ல உடல் தகுதி", "சுறுசுறுப்பான தோற்றம்", "தெளிவான குரல்" போன்ற பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை நிற்காது. கடைசியில் ஒரு வரி சேருங்கள்: தேர்வுக்கோ நேர்காணலுக்கோ ஏதாவது ஏற்பாடு தேவைப்பட்டால் இந்த எண்ணிலோ மின்னஞ்சலிலோ சொல்லலாம். தொலைபேசி எண் மட்டும் கொடுத்தால் காது கேளாதவர் எப்படிச் சொல்வார்? அதனால் இரண்டையும் கொடுங்கள்.

ஆன்லைன் விண்ணப்பப் படிவத்தையும் சோதியுங்கள். ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்) படிக்க முடியாத படிவமும், மனிதர்தானா என்று சோதிக்கும், படமாக மட்டும் இருக்கும் கேப்சாவும் பார்வையற்றவரை வாசலிலேயே நிறுத்திவிடும். வங்கி போன்றவற்றின் டிஜிட்டல் கே.ஒய்.சி. (வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும்) முறை அமிலவீச்சில் பாதிக்கப்பட்டவர்களையும் பார்வையற்றவர்களையும் வெளியே தள்ளுகிறது என்று தொடுக்கப்பட்ட வழக்கில், டிஜிட்டல் வசதியை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொன்னது. வேலை விண்ணப்பத்தைப் பற்றிய வழக்கு இல்லை அது. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

நேர்காணலில் "உங்களுக்கு இது எப்படி வந்தது?", "கல்யாணம் ஆகிவிட்டதா, யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" போன்ற கேள்விகளுக்கு இடமே இல்லை. கேட்க வேண்டியது வேலையைப் பற்றி: "இந்த வேலையில் தினமும் இன்னின்னது செய்ய வேண்டும், நீங்கள் எப்படிச் செய்வீர்கள்? உங்களுக்கு என்ன வேண்டும்?" மற்ற விண்ணப்பதாரர்களிடமும் இதையே கேளுங்கள். காது கேளாதவரோடு சைகை மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தால், அவரைப் பார்த்துப் பேசாமல் விண்ணப்பதாரரைப் பார்த்துப் பேசுங்கள். மருத்துவப் பரிசோதனை தேவையென்றால் வேலைக்குத் தேர்ந்தெடுத்த பிறகு, எல்லோருக்கும் ஒரே மாதிரி, அந்த வேலையின் தேவைக்கு மட்டும் வையுங்கள்.

நியாயமான வசதி ஏற்பாடு என்றால் நடைமுறையில் என்ன?

ஒரு மாற்றுத்திறனாளி மற்றவர்களுக்குச் சமமாகத் தன் உரிமைகளை அனுபவிக்கத் தேவையான, பொருத்தமான மாற்றங்களைச் செய்து தருவது. முதலாளிமேல் அளவுக்கு மீறிய சுமை விழாத வரை இது கடமை.

கேட்டவுடன் பெரிய கட்டட வேலையும் விலையுயர்ந்த இயந்திரமும் மனதில் வரும். நிஜத்தில் கேட்கப்படுபவை பெரும்பாலும் எளிமையானவை. பார்வையற்ற ஊழியரின் கணினியில் என்.வி.டி.ஏ. ஸ்கிரீன் ரீடரைப் போட்டுக் கொடுப்பது, அது இலவச மென்பொருள். காது கேளாதவர் இருக்கும் கூட்டத்தில் பேசுவதைத் திரையில் எழுத்தாகக் காட்டுவது, முடிவுகளை அன்றே எழுதி அனுப்புவது. டயாலிசிஸ், பிசியோதெரபி போன்ற சிகிச்சைக்குப் போகிறவருக்கு வேலை நேரத்தை மாற்றித் தருவது. நீண்ட நேரம் நிற்க முடியாதவருக்கு பில்லிங் கவுண்டரில் ஒரு நாற்காலி. விரல் ரேகை வருகைப் பதிவு சிலருக்கு வேலை செய்யாது. தொழுநோயிலிருந்து குணமானவர், கையில் தீக்காயம் பட்டவர், விரல் இழந்தவர் தினமும் அந்த இயந்திரத்தின் முன் நின்று அவமானப்படத் தேவையில்லை, அட்டையோ கையெழுத்தோ போதும். ஆட்டிசம் உள்ள ஊழியருக்கு வாய்மொழியாக ஐந்து வேலையைச் சேர்த்துச் சொல்லாமல், எழுதி, வரிசைப்படுத்திக் கொடுப்பது.

எப்படித் தொடங்குவது? உட்கார்ந்து பேசுங்கள். எந்த வேலையில் எந்த இடத்தில் தடை வருகிறது, இதற்கு முன் எது உதவியது, எது உதவவில்லை என்று கேளுங்கள். ஒரே குறைபாடு உள்ள இருவருக்கு ஒரே ஏற்பாடு பொருந்தும் என்று எண்ண வேண்டாம். பார்வையற்றவர் என்றதும் பிரெய்ல் அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, அவருக்கு பிரெய்ல் தெரியாது என்று பிறகு கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். தனித்தனி மனிதரின் தேவையைப் பார்க்க வேண்டும் என்பது விகாஷ் குமார் தீர்ப்பிலும் அழுத்தமாக வருகிறது. பேசி முடிவு செய்ததை எழுதி வையுங்கள், ஒன்றிரண்டு மாதம் கழித்துச் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். தேவைகள் மாறும். வேலையும் மாறும்.

அதற்கான செலவை ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கலாமா?

கூடாது. வசதி ஏற்பாட்டின் செலவை, முழுவதையோ ஒரு பகுதியையோ, தரும்படி எந்த நிறுவனமும் மாற்றுத்திறனாளியைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2017ஆம் ஆண்டு விதிகளின் 3ஆம் விதியில் நேராகவே இருக்கிறது. "மென்பொருளை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்" என்பதும் இதில்தான் வரும். அதே வேலைக்குச் சம்பளத்தைக் குறைத்து நிர்ணயிப்பதும் சரியில்லை.

எப்போது மறுக்கலாம்?

இரண்டு இடங்களில் சட்டம் முதலாளிக்கு இடம் விடுகிறது. ஒன்று, கேட்கப்படும் ஏற்பாடு அளவுக்கு மீறிய சுமையாக இருந்தால். இதற்கு ரூபாய்க் கணக்கில் ஒரு வரம்பு சட்டத்தில் இல்லை. நிறுவனத்தின் அளவு, வருமானம், செலவு, அதனால் கிடைக்கும் பயன் என்று அந்தந்தச் சூழலை வைத்துத்தான் பார்க்க வேண்டும். பத்துப் பேர் கொண்ட பட்டறைக்குச் சுமையாக இருப்பது, பல மாநிலங்களில் கிளை வைத்திருக்கும் கம்பெனிக்குச் சுமையாகாது. மறுக்கும் முன் அதைவிடச் செலவு குறைந்த வழி உண்டா என்று அந்த ஊழியரோடு சேர்ந்து தேடியிருக்க வேண்டும்.

இரண்டாவது, உங்கள் முடிவு நியாயமான ஒரு நோக்கத்தை அடைய அளவோடு எடுக்கப்பட்ட வழி என்று காட்ட முடிந்தால். 3ஆம் பிரிவில் இருக்கும் இந்த விலக்கைத் தவறாகப் பயன்படுத்தி உரிமைகளை மறுக்கக் கூடாது, அதை நிறுவனத்தின் தலைவர் உறுதி செய்ய வேண்டும் என்று விதி எச்சரிக்கிறது.

பாதுகாப்பு ஆபத்து என்று சொல்லி மறுத்தால்?

உண்மையான ஆபத்து என்றால் மறுக்கலாம். பார்வையற்றவரை லாரி ஓட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. பிரச்சினை கற்பனையான ஆபத்தில்தான். காது கேளாதவர் ஆலையில் வேலை செய்தால் விபத்து நடக்கும் என்று மேற்பார்வையாளர் சொன்னால், எந்த இயந்திரத்தில், எந்த ஒலியைக் கேட்க முடியாததால் என்று கேளுங்கள். அந்த ஒலிக்கு இணையாக ஒரு விளக்கு எரிய வைத்தால் போதுமா என்று பாருங்கள். காது அடைப்பான் போட்டுக்கொண்டுதானே பல ஆலைகளில் எல்லோரும் வேலை செய்கிறார்கள்!

"உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறோம்" என்று ஒருவரை வெளியூர்ப் பயணத்திலிருந்தும் பொறுப்பான வேலையிலிருந்தும் பதவி உயர்வுக்கான பயிற்சியிலிருந்தும் விலக்குவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் அவருடைய வேலை வாழ்க்கையை அது அங்கேயே நிறுத்திவிடுகிறது. முடிவை அவர் எடுக்கட்டும்.

ஊழியர்கள் இதைத் தவறாகப் பயன்படுத்தினால்?

விகாஷ் குமார் வழக்கிலும் இந்த அச்சம் எழுப்பப்பட்டது. யாரோ சிலர் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்பதற்காக உரிமையுள்ள எல்லோரையும் சந்தேகத்தோடு பார்க்க முடியாது என்பதே நீதிமன்றத்தின் நிலை. ஏற்பாடு ஏன் தேவை என்பதற்கு மருத்துவரின் குறிப்பைக் கேட்பதில் தவறில்லை, ஆனால் முழு மருத்துவ வரலாறு உங்களுக்குத் தேவையில்லை.

வேலையில் இருக்கும்போது ஒருவருக்கு இயலாமை ஏற்பட்டால் அனுப்பிவிடலாமா?

அரசு நிறுவனம் என்றால் முடியாது. 20ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு தெளிவாக இருக்கிறது: பணியில் இருக்கும்போது இயலாமை ஏற்பட்டவரை நீக்கவோ தரம் குறைக்கவோ கூடாது. அந்தப் பணி பொருந்தாவிட்டால் அதே சம்பள விகிதத்தில், அதே பலன்களோடு வேறு பணிக்கு மாற்ற வேண்டும். பொருத்தமான பணி உடனே இல்லாவிட்டால் அது கிடைக்கும் வரையோ ஓய்வு பெறும் வரையோ கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும்.

தனியாருக்கு இந்த உட்பிரிவு நேரடியாக எழுதப்படவில்லை. அதனால் சுதந்திரம் என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. பாகுபாட்டுத் தடையும் வசதி ஏற்பாட்டுக் கடமையும் அப்படியே இருக்கின்றன. விபத்து வேலையில் நடந்திருந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு தனியாக வரும். நீதிமன்றங்கள் முதலில் பார்ப்பது மாற்று வேலை தர உண்மையாக முயன்றீர்களா என்பதைத்தான். நிறங்களைப் பிரித்தறிய முடியாததால் பணியிலிருந்து அனுப்பப்பட்ட பேருந்து ஓட்டுநர் ஒருவரின் வழக்கில், தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழகம் அவருக்கு மாற்றுப் பணி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட்டில் உத்தரவிட்டது. மாற்றுப் பணிக்கான வாய்ப்பைத் தேடிப் பார்க்காமலே அனுப்பியதை அது ஏற்கவில்லை.

நடைமுறையில் நான் சொல்வது இது: விபத்துக்கோ நோய்க்கோ பிறகு முதல் சில வாரங்களில் எந்த நிரந்தர முடிவும் எடுக்காதீர்கள், ராஜினாமாக் கடிதம் கேட்காதீர்கள். மருத்துவமனைப் படுக்கையில் வாங்கிய கையெழுத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்பு எதிர்பார்க்காதீர்கள். குணமாகி வந்த பிறகு பேசுங்கள். பத்து வருடம் இயந்திரத்தில் நின்றவருக்கு அந்த வேலையின் ஒவ்வொரு நுணுக்கமும் தெரியும். தர ஆய்வு, பயிற்சி, கிடங்குக் கணக்கு என்று அவருக்கு ஏற்ற வேலை பக்கத்திலேயே இருக்கலாம்.

மனநோய் உள்ள ஊழியர் ஒழுங்கு மீறினால் நடவடிக்கை எடுக்கக் கூடாதா?

நிதானமாகப் போக வேண்டிய இடம் இது. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர் மேல் எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கை பற்றி 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசியது. அவருக்கு மனநலக் குறைபாடு இருந்தது. அப்படிப்பட்டவர் மற்றவர்களைப் போல அலுவலக விதிகளுக்கு ஈடுகொடுப்பது கடினம், அதனால் அவர் நடவடிக்கையில் சிக்கும் வாய்ப்பே அதிகம், இதுவும் மறைமுகப் பாகுபாட்டின் ஒரு வடிவம் என்றது நீதிமன்றம். அந்த நடத்தைக்கு இயலாமை மட்டுமே காரணம் என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. காரணங்களில் ஒன்று என்று காட்டினால் போதும்.

எனவே தாமதம், விடுப்பு, கோபம், வேலையில் சரிவு என்று புகார் வந்தால், மெமோ கொடுக்கும் முன் பேசிப் பாருங்கள். இரவு ஷிப்டை நிறுத்தினாலே சிலருக்குப் பாதிப் பிரச்சினை தீரும், ஏனென்றால் தூக்கம் கெட்டால் மருந்து எடுத்தும் பயனில்லாமல் போகும் நோய்கள் உண்டு. ஏற்பாடு எல்லாம் செய்து, நியாயமான காலமும் கொடுத்த பிறகும் வேலையின் அடிப்படைத் தேவை நிறைவேறவில்லை என்றால், மற்ற ஊழியருக்கு உள்ள அதே நடைமுறையில் நீங்கள் முடிவெடுக்கலாம்.

ஊழியர் சொன்னதை மற்றவர்களிடம் சொல்லலாமா?

அவருடைய அனுமதி இல்லாமல் சொல்லாதீர்கள். ஷிப்ட் ஏன் மாறியது என்று குழுவில் கேட்டால் "நிர்வாகத்தின் ஏற்பாடு" என்ற பதில் போதும். பதிவேட்டுக்கான விவரங்களைத் தனியாக, தேவைப்படும் ஒன்றிரண்டு பேர் மட்டும் பார்க்கும்படி வையுங்கள்.

சக ஊழியர்கள் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். "விளையாட்டுக்கு" என்கிறார்கள்.

விளையாட்டு இல்லை. மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பலர் பார்க்க வேண்டுமென்றே அவமதிப்பதும் மிரட்டுவதும் 92ஆம் பிரிவின்படி குற்றம். 6 மாதத்திலிருந்து 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நொண்டி, செவிடு, லூசு என்ற சொற்கள் வேலையிடத்தில் காதில் விழும்போது மேலாளர் சிரித்துவிட்டு நகர்ந்தால், அதைத் தொடர்வதற்கு அவரே அனுமதி கொடுத்ததாகிவிடும். முதல் முறையே நிறுத்துங்கள்.

சம வாய்ப்புக் கொள்கை எல்லோருக்கும் கட்டாயமா? அதில் என்ன இருக்க வேண்டும்?

எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயம். 20 பேருக்குக் குறைவாக உள்ள தனியார் நிறுவனம், மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு என்னென்ன வசதி செய்து தரும் என்பதை எழுதினால் போதும். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் கூடுதலாக எழுத வேண்டும்: பொருத்தமான பணியிடங்களின் பட்டியல், தேர்வு முறை, பயிற்சி, இடமாற்றத்தில் முன்னுரிமை, சிறப்பு விடுப்பு, உதவிக் கருவிகள், தடையற்ற சூழல், இவற்றையெல்லாம் கவனிக்கும் தொடர்பு அலுவலர் நியமனம். கொள்கையை இணையதளத்திலோ, அது இல்லையென்றால் எல்லோர் கண்ணிலும் படும் இடத்திலோ வைக்க வேண்டும். அதன் பிரதியை மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமோ தலைமை ஆணையரிடமோ பதிவு செய்ய வேண்டும். எத்தனை மாற்றுத்திறனாளிகள், எந்த வேலையில், என்ன வசதியோடு இருக்கிறார்கள் என்ற பதிவேடும் 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்துக்கு வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் மாதிரியில் பெயரை மட்டும் மாற்றிப் போடுவதைப் பார்க்கிறேன். லிஃப்ட்டே இல்லாத கட்டடத்தில் "பேசும் லிஃப்ட் வசதி உண்டு" என்று கொள்கையில் எழுதியிருந்தால், நாளைக்குப் புகார் வரும்போது அந்தத் தாளே உங்களுக்கு எதிரான சாட்சி.

புகார் வந்தால் என்ன செய்வது? தண்டனை எவ்வளவு?

20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தின் தலைவருக்குப் பாகுபாடு பற்றிப் புகார் வந்தால் இரண்டு வழிகள்தான்: நடவடிக்கை எடுக்க வேண்டும், அல்லது அந்தச் செயல் நியாயமான நோக்கத்துக்கான அளவான வழி எப்படி என்பதை எழுத்தில் விளக்க வேண்டும். மௌனமாக இருக்க விதியில் இடமில்லை. ஊழியர் ஆணையரிடம் போனால் பொதுவாக 60 நாளுக்குள் புகாரை முடிக்க வேண்டும். விசாரணையில் ஆணையருக்கு சாட்சிகளை வரவழைப்பது, ஆவணங்களைக் கேட்பது போன்ற விஷயங்களில் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் உண்டு.

சட்டத்தையோ விதிகளையோ மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் 50,000 ரூபாயிலிருந்து 5 லட்சம் வரை. கம்பெனி மீறினால் அப்போது பொறுப்பில் இருந்தவர்களும் பதில் சொல்ல வேண்டும். கேட்ட பதிவேட்டைக் காட்ட மறுப்பதற்குத் தனி அபராதம் இருக்கிறது.

எங்களுடையது வாடகைக் கட்டடம், மாடியில் இருக்கிறோம். என்ன செய்ய முடியும்?

கட்டட உரிமையாளரிடம் சாய்தளம், கைப்பிடி, கழிப்பறை மாற்றம் பற்றி எழுத்தில் கேளுங்கள். புதிய கட்டடத்துக்கு மாறப் போகிறீர்கள் என்றால் ஒப்பந்தம் போடும் முன்பே சக்கர நாற்காலியில் வாசலிலிருந்து கழிப்பறை வரை போய்வர முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அதைப் பயன்படுத்தும் ஒருவரையே அழைத்துக் காட்டுங்கள்; கதவு எவ்வளவு அகலம், சாய்தளம் எவ்வளவு செங்குத்து என்பது அவருக்குத்தான் சட்டென்று தெரியும். அதுவரை, மாடி ஏற முடியாத ஊழியருக்குத் தரைத்தளத்தில் ஓர் இடமோ வீட்டிலிருந்து வேலையோ ஏற்பாடு செய்யலாம். ஆனால் மற்றவர்கள் எல்லோரும் மேலே கூட்டத்தில் இருக்க, அவர் மட்டும் கீழே தனியாக வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்படி விட்டுவிடாதீர்கள். கூட்டத்தைக் கீழே நடத்துங்கள்.

தீ விபத்துப் பயிற்சியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். காது கேளாதவருக்கு எச்சரிக்கை எப்படித் தெரியும், லிஃப்ட் நின்றுவிட்டால் சக்கர நாற்காலியில் இருப்பவரை யார் எப்படி இறக்குவார்கள் என்பதை அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்து, அடுத்த பயிற்சியில் அவர்களையும் சேர்த்தே நடத்திப் பாருங்கள்.